தண்ணி போட்டப்புறம் "நான் ஸ்டெடி"ன்னு தோணுறத நம்பலாமா?

விசேஷ வீட்டுல ரெண்டு ரவுண்டு போட்டுட்டு காரைக்குடியிலேர்ந்து தேவகோட்டைக்கு பைக்ல போற அளவு நிதானமா இருக்கோமான்னு நாமளே எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. நேரா நடந்து பாக்குறதெல்லாம் வேலைக்காகாது, ஏன்னா சரக்கு மொதல்ல கைவைக்கிறதே நம்மள நாமளே எடைபோடுற புத்தியிலதான், கால் தள்ளாடுறதெல்லாம் அப்புறம். போதை எறங்குறப்ப இன்னும் ஏமாத்தும், ரத்தத்துல ஆல்கஹால் இருக்கும்போதே "தெளிஞ்சிருச்சு"ன்னு தோணும், ஆனா திடீர்னு மாடு குறுக்க வந்தா பிரேக்குக்கு கை லேட்டாத்தான் போகும். மோர், லெமன் (எங்க பக்கம் கோழி ரசம் வேற) எதுவும் வேகமா தெளிய வைக்காது. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாலே கேஸ்தான், தள்ளாடணும்னு அவசியமில்ல. சொன்னதையே திரும்பச் சொல்றது, சாவியக் கேட்டா கோவம் வர்றது, இதெல்லாம் பக்கத்துல இருக்கவனுக்குத்தான் தெரியும், அதனால குடிக்காத பங்காளிகிட்ட சாவிய மொத ரவுண்டுக்கு முன்னாடியே குடுத்துருங்க, அப்புறம் குடுக்க மனசு வராது.