வீட்டு மருந்துப் பெட்டி: பெண்கள் கேட்டதும் நான் சொன்னதும்

மருந்துக்கடையில் இருபது வருஷம் நின்றவள் நான். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்குகிற மருந்துகளைப் பற்றி மட்டும் கேளுங்கள். எதற்குச் சீட்டு வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

புதுக்குடித்தனக்காரி: அக்கா, புதுசா ஒரு பெட்டி வாங்கியிருக்கேன். என்னென்ன வைக்கணும்?

கொஞ்சமாக வையுங்கள். பாராசிட்டமால் 500 மி.கி., வலிக்கு ஐபுப்ரோஃபென், அலர்ஜிக்குச் செட்ரிசின், வயிற்றுப்போக்குக்கு நாலு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், நெஞ்செரிச்சலுக்கு ஒரு ஆன்டாசிட், கர்ப்பப் பரிசோதனைக் கிட் ஒன்று, தெர்மாமீட்டர், வெந்நீர்ப் பை. பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராம்தான் எல்லை, அதாவது எட்டு மாத்திரை. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே பாராசிட்டமால் இருக்கும். காய்ச்சலுக்கு ரெண்டு, சளிக்கு ரெண்டு என்று போட்டுக்கொண்டே போனால் அடிபடுவது கல்லீரல்.

இன்னொன்று: அட்டையை வெட்டாதீர்கள். ஒரு அம்மா கைப்பையிலிருந்து அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். ஓரம் மடங்கிய வெள்ளித்தாள், உள்ளே ரெண்டு வெள்ளை மாத்திரை, பின்னால் மிஞ்சியிருந்தது 500 என்ற எண் மட்டும். "தலைவலி மாத்திரைதானே?" என்றார். பாராசிட்டமாலும் 500 உண்டு, சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மினும் 500 உண்டு, அசித்ரோமைசினும் 500 உண்டு. எது என்று எனக்கும் தெரியவில்லை.

சின்ன வீட்டுக்காரி: குளியலறைக் கண்ணாடி அலமாரியில வைக்கலாமா?

கூடாது. ஈரமும் சூடும் மருந்தைக் கெடுக்கும். படுக்கையறையில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள்.

இரவுப்பணிக்காரி: மாதவிடாய் முதல் நாள் எழுந்திருக்கவே முடியல. பாராசிட்டமால் கேக்க மாட்டேங்குது.

கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பது ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருள். ஐபுப்ரோஃபென் அது உருவாவதையே குறைக்கிறது. அதனால் வலி முற்றும்வரை காத்திருக்காமல், இழுக்க ஆரம்பித்ததுமே 400 மி.கி., சாப்பிட்ட பிறகு. அடுத்தது ஆறு மணி நேரம் கழித்து. சொந்தமாக வாங்கிப் போடுகிறவர்கள் நாளுக்கு 1200 மி.கி.யைத் தாண்ட வேண்டாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரை போட்டால் மூச்சிரைப்பு வருகிறவர்கள் தொடக் கூடாது.

மூத்தவள்: இப்படிச் சொல்லித்தான் பொண்ணுங்களைக் கெடுக்கறீங்க. நாங்கள்லாம் பல்லைக் கடிச்சுத் தாங்கலையா? மாசாமாசம் மாத்திரை போட்டா கர்ப்பப்பை கெட்டுடும்.

கெடாது அம்மா. மாதத்தில் ரெண்டு மூணு நாள் போடுவதால் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது.

இரவுப்பணிக்காரி: எங்க அத்தையும் கர்ப்பப்பை கெட்டுடும்னுதான் சொல்றாங்க, மேடம்!

மூத்தவள்: குழந்தை தங்காதுன்னு படிச்சேனே?

நீங்கள் படித்ததில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இந்த வகை மாத்திரையை நாள்கணக்கில் விடாமல் போட்டால் கருமுட்டை வெளிவருவது தள்ளிப்போகலாம். நிறுத்தினால் சரியாகிவிடும். குழந்தைக்கு முயல்கிறவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் மாதவிடாயின் முதல் ரெண்டு நாளில் போடுவது வேறு கதை. நீங்கள் தாங்கினீர்கள், மறுக்கவில்லை. அதே பல்லைக் கடித்தலில் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு அதற்கு வெளியே வளர்கிற நோய்) பல வருஷம் கண்டுபிடிக்கப்படாமலே போன பெண்களும் இருக்கிறார்கள். மாத்திரைக்கும் அடங்காத வலி, வருஷத்துக்கு வருஷம் கூடுகிற வலி என்றால் தாங்கவும் வேண்டாம், இன்னொரு மாத்திரையும் வேண்டாம். போய்க் காட்டுங்கள்.

மூத்தவள்: வெந்நீர்ப் பையாவது ஒத்துக்கறீங்களா?

முதல் பட்டியலிலேயே சொல்லிவிட்டேன், அம்மா.

பெயர் வேண்டாம்: வெள்ளைப்படுது, அரிப்பு. க்ளோட்ரிமசோல் வாங்கி வச்சிக்கலாமா?

திரிந்த பால் போலக் கெட்டியாக, நாற்றமில்லாமல், அரிப்போடு வந்தால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம், க்ளோட்ரிமசோல் கேட்கும். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடையோடு வந்தால் அது பாக்டீரியா. க்ளோட்ரிமசோலை எத்தனை நாள் வைத்தாலும் போகாது. முதல் தடவை வருகிறவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை உள்ளவர்கள், அடிக்கடி திரும்ப வருகிறவர்கள் தாமாக வைத்தியம் பார்க்க வேண்டாம். இந்த மருந்து ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும், அதையும் நினைவில் வையுங்கள். உள்ளே சோப்பு விட்டுக் கழுவாதீர்கள். கழுவக் கழுவத்தான் கூடும்.

கல்லூரிக்காரி: நீர்க்கடுப்புக்குப் போன தடவை மிஞ்சின ஆன்டிபயாட்டிக் நாலு இருக்கு. போடலாமா?

வேண்டாம். காய்ச்சலோ விலாவில் வலியோ இருந்தால் இன்றே மருத்துவரிடம் போங்கள்.

இன்னொருத்தி: அவசர கருத்தடை மாத்திரை கையிருப்பு வைக்கறது தப்பா?

தப்பே இல்லை. லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மி.கி., 72 மணி நேரத்துக்குள். சீக்கிரம் போடப் போடப் பலன் கூடுதல். போட்டு ரெண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும். இது கருக்கலைப்பு மாத்திரை அல்ல. ஏற்கனவே தரித்த கருவை ஒன்றும் செய்யாது. தேதி ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கர்ப்பிணி, ஏழாம் மாதம்: முதுகுவலிக்கு அந்த ஐபுப்ரோஃபென் போடலாமா?

போடாதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், பனிக்குட நீர் குறையலாம். உங்களுக்குப் பாராசிட்டமால், அதுவும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு.

இரண்டு பிள்ளைகளின் அம்மா: இரும்புச்சத்து மாத்திரையை எப்போ போடறது?

காபி, டீயோடு வேண்டாம். ஆன்டாசிட், கால்சியத்தோடும் வேண்டாம். ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மலம் கறுத்துப் போகும், பயப்படாதீர்கள். மிட்டாய் என்று நினைத்து ஒரு கை அள்ளித் தின்ற குழந்தையின் உயிருக்கே ஆபத்து. பூட்டு என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

அழகி: முடி கொட்டுது மேடம், என்ன வாங்கலாம்?

தோல் மருத்துவரைப் பாருங்கள்.

வேறொருத்தி: தங்கச்சிக்கு நீர்க்கடுப்பு. வீட்ல மிஞ்சின ஆன்டிபயாட்டிக்…

மேலே படியுங்கள், தாயே.

புதுக்குடித்தனக்காரி: அக்கா, அம்மா கொடுத்த டப்பாவைத் திறந்தேன். அஞ்சு துண்டு அட்டை, ஒண்ணுலயும் பேரில்ல. கழிப்பறையில கொட்டிடவா?

கொட்டாதீர்கள், தண்ணீரில் கலக்கும். பழைய மருந்தைத் திரும்ப வாங்கும் மருந்துக்கடை இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லையென்றால் மாத்திரைகளை உரித்து, வடிகட்டிய காபித் தூளோடு கலந்து, பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். அப்படியே கத்தரிக்கோலை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.