விண்கல்லும் உரைகல்லும்

அன்புள்ள ஐயா,

செவ்வாயிலிருந்து வந்த விண்கற்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நான் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். செவ்வாயிலிருந்து இதுவரை ஒரு கல்லைக்கூட யாரும் எடுத்து வரவில்லை. அப்படியிருக்க, பூமியில் கிடந்த கல்லை ஆராய்ந்து ‘இது செவ்வாய்க் கல்’ என்பது வெறும் யூகம்தானே? அந்தக் கற்களில் உயிரின் தடயம் இருந்தது உண்மையா? எங்கள் பூஜை அறையில் ஒரு கருப்புக் கல் இருக்கிறது. வானத்திலிருந்து விழுந்தது என்று அப்பத்தா சொல்வார். அதை எங்கே கொடுத்துப் பரிசோதிப்பது?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் தாத்தாவின் மரப்பெட்டியைத் திறந்திருந்தேன். நகைப் பட்டறை வைத்திருந்தவர். பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் அவருடைய உரைகல். அதை மேசைமேல் வைத்துக்கொண்டு இரண்டு நாளாக நான் யோசித்ததும் ஏறக்குறைய இதைத்தான்.

உயிர்த் தடயம் இப்போது வேண்டாம், அது வேறு கதை. ஆனால் ‘வெறும் யூகம்’ என்று எழுதினீர்களே, அதை விட முடியாது. வேதியியல் படிக்கும் பிள்ளை, எப்படி அளந்தார்கள் என்று கேட்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லலாமா?

பீகாரில் கயாவுக்குப் பக்கத்தில் ஷெர்காட்டி என்று ஓர் ஊர். 1865 ஆகஸ்ட் 25 அன்று காலையில் அங்கே சுமார் 5 கிலோ எடையுள்ள ஒரு கல் விழுந்தது. அதன் பெரும்பகுதி கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அது எங்கிருந்து வந்தது என்று நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. பிரான்சில் 1815இல் விழுந்த சாசிஞி, எகிப்தில் 1911இல் விழுந்த நக்லா, இவையும் அதே மாதிரி ஊர் பேர் தெரியாத கற்கள்தான்.

பிறகு ஆக்சிஜனை அளந்தார்கள். அதில் 16, 17, 18 என்று எடையால் மூன்று வகை. கல் உருகினாலும் நீர் ஆவியானாலும் அவற்றின் விகிதம் சற்று மாறும். ஆனால் 18 எவ்வளவு விலகுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதிதான் 17 விலகும். அதனால் பூமியின் பாறையும் கடல்நீரும் வரைபடத்தில் ஒரே கோட்டில் விழுகின்றன. இந்த மூன்று கற்களும் அதற்கு இணையான இன்னொரு கோட்டில், ஆயிரத்தில் சுமார் 0.3 பங்கு மேலே நின்றன. மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், அந்த வீடு பூமி இல்லை. அப்புறம் வயது. பெரும்பாலான விண்கற்கள் 450 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. நக்லாவுக்கு வெறும் 130 கோடி. சிறுகோள்கள் எப்போதோ ஆறிப்போனவை. அவ்வளவு பின்னாளிலும் எரிமலைக் குழம்பு இருந்ததென்றால் அது பெரிய கோளாக இருக்க வேண்டும். அதுவரைக்கும் யூகம் என்று நீங்கள் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

தாத்தா ஒரு நகையை உரைக்கும்போது பக்கத்திலேயே இன்னொரு கோடு இழுப்பார். மாற்று, அதாவது தங்கத்தின் தரம், தெரிந்த பொன் ஊசிகள் ஒரு வளையத்தில் கோத்துத் தொங்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்து இழுத்து, இரண்டின் மேலும் திராவகம் தொட்டு, எந்தக் கோடு கரைகிறது என்று பார்ப்பார். “ஊசி இல்லாட்டி என்ன தாத்தா?” என்று ஒருநாள் கேட்டேன். “தங்கம்னு சொல்லலாம்டா, என்ன மாற்றுன்னு சொல்ல முடியாது” என்றார்.

அந்த ஊசி 1976இல் கிடைத்தது. நாசாவின் வைக்கிங் விண்கலங்கள் செவ்வாயில் இறங்கி அங்குள்ள காற்றை அளந்தன. அண்டார்டிகாவில் எடுத்த ஏறக்குறைய 8 கிலோ எடையுள்ள ஒரு கல், ஷெர்காட்டி வகையைச் சேர்ந்தது. ஏதோ மோதலின் அதிர்ச்சியில் உருகி உறைந்த கருங்கண்ணாடி அதற்குள் இருந்தது. 1983இல் ஹூஸ்டனில் டொனால்ட் போகார்டும் ஜான்சனும் அந்தக் கண்ணாடியைச் சூடாக்கி, உள்ளே சிக்கியிருந்த வாயுக்களை வெளியே எடுத்தார்கள். ஆர்கான், கிரிப்டான், செனான். பூமிக் காற்றில் ஆர்கான்-36 ஒன்றுக்கு ஆர்கான்-40 சுமார் 300 தான். கண்ணாடிக்குள் இருந்ததோ ஆயிரக்கணக்கில். வைக்கிங் அனுப்பிய எண்களோடு அது பொருந்தியது. இரண்டு கோடும் ஒன்றாகவே நின்றன. 2013இல் கியூரியாசிட்டி என்ற ஊர்தி அங்கேயே மறுபடி ஆர்கானை இன்னும் நுட்பமாக அளந்தபோதும் கற்கள் காட்டியதுதான் சரி என்று தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். வைக்கிங் போனது உயிரைத் தேடி. அதில் காற்றை அளந்தவர்கள், பீகாரில் விழுந்த ஒரு கல்லுக்கு முகவரி எழுதுவதற்காக அளக்கவில்லை. நிலாக் கல்லும் இப்படித்தான். அதன் ஆக்சிஜன் பூமியின் கோட்டிலேயே விழும், அதை வைத்துப் பிரிக்க முடியாது. அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த 382 கிலோ கல்லும் மண்ணும் கையில் இருந்ததால்தான், 1982 ஜனவரியில் அண்டார்டிகாவில் கிடைத்த ஒரு சின்னக் கல்லை நிலாவுடையது என்று அடையாளம் காண முடிந்தது. ‘அங்கே போய் அளந்து என்ன பிரயோஜனம்’ என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. ஊசியைச் செய்துவைக்காமல் எதை வைத்து உரைப்பது? உங்கள் ஆய்வகத்தில் உப்பை எடை போட்டு நோட்டில் எழுதும்போது சலிப்பாகத்தான் இருக்கும். அந்த எண்ணைச் சரியாக எழுதுங்கள் தம்பி. யாருக்கு எப்போது தேவைப்படும் என்று உங்களுக்குத் தெரியாது.

சரி, அப்பத்தாவின் கல். இப்படி வரும் கற்களில் பெரும்பாலானவை இரும்புத் தாதுவோ, உலைக் கசடோதான். முதலில் ஒரு தரை ஓட்டின் பின்பக்கத்தில், வழவழப்பு இல்லாத இடத்தில், ஒரு முனையை உரைத்துப் பாருங்கள். செங்காவியாகக் கோடு விழுந்தால் அது ஹெமடைட் என்ற இரும்புத் தாது. அனேகமாக எந்தக் கோடும் விழவில்லையென்றால் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் ஜியாலஜி துறைக்கு எடுத்துப் போங்கள், நிக்கல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உரைப்பதற்கு முன் அப்பத்தாவிடம் கேட்டுவிடுங்கள். பூவும் பொட்டும் வைத்து இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.