விளையாட்டு அணிக்குக் கோச்சாக இருப்பதிலிருந்து தலைமைப் பண்பு பற்றி என்ன கற்றுக்கொள்ளலாம்?

பள்ளி டீமோ ஊர் டீமோ ஒன்றைப் புதிதாகக் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கபடியை வைத்தே சொல்கிறேன். ஏழு பேர் கைகோத்து நின்று 30 நொடிக்குள் ஒன்றாக முடிவெடுக்க வேண்டிய ஆட்டம் அது. யார் பேச்சை யார் கேட்பது என்று தெரியாத டீம் அதில் உடனே மாட்டிக்கொள்ளும்.

பெரும்பாலான கோச்சுகள் சறுக்குவது கேப்டன் விஷயத்தில். அதிகப் பாயிண்ட் எடுக்கிற ரைடருக்கே (எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவனுக்கே) பட்டத்தைக் கட்டிவிடுகிறார்கள். அடிக்கடி அவுட் ஆகிறவனும் அவன்தான். அவன் வெளியே உட்கார்ந்திருக்கும்போது உள்ளே இருக்கிற நாலு பேருக்கும் சொல்ல ஆள் இருக்காது. உள்ளே இருந்தாலும், ரைடு முடித்து மூச்சிரைக்கத் திரும்பிய ஐந்து நொடிக்குள் எதிரணி ரைடர் நடுக்கோட்டைத் தாண்டிவிடுவான். அந்த நிலையில் அவனால் டீமை நடத்த முடியாது. கார்னரிலோ (வரிசையின் ஓரத்தில்) கவரிலோ (நடுப்பக்கத்தில்) நின்று எதிரணியின் ரைடுகளைக் கூர்ந்து பார்க்கிறவனைக் கேப்டனாகப் போடுங்கள். அவன் அவுட் ஆனால் அடுத்த குரல் யாருடையது, அவனும் போனால் யாருடையது என்று மூன்று பேர் வரை வரிசை போட்டு, மேட்ச்சுக்கு முன்பே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.

"இந்தியக் கேப்டன் அனூப் குமார் ரைடர்தானே, 2016 உலகக் கோப்பையை ஜெயிக்கவில்லையா?" என்று யாராவது கேட்பார்கள். ஜெயித்தார். அகமதாபாத் ஃபைனலில் ஈரானை 38-29 என்று வீழ்த்தியபோது பாயிண்ட் குவித்தது இன்னொரு ரைடரான அஜய் தாக்கூர். டீமை நடத்துகிற வேலையும் பாயிண்ட் எடுக்கிற வேலையும் இரண்டு பேர் கையில் இருந்தன. நான் சொல்வதும் அதைத்தான்.

அடுத்தது, பிடியை யார் தொடங்குவது. இதில்தான் புள்ளிகள் கொத்தாகப் போகும். ரைடர் கார்னர் பக்கம் காலை நீட்டுகிறான், கார்னர் இன்னும் காலைப் பிடிக்கவில்லை. அதற்குள் கவரில் இருப்பவன் ஆசைப்பட்டுப் பாய்கிறான், பக்கத்தில் இருப்பவன் அவனுக்குத் துணையாகப் பாய்கிறான். ரைடர் நழுவிக் கோட்டைத் தொட்டால், மேலே கை வைத்த அத்தனை பேரும் அவுட். தனியாகப் பாய்ந்த ஒருவனால் இரண்டு மூன்று புள்ளி போய்விடும். திட்டினால் அடுத்த முறை யாருமே பாயமாட்டார்கள், அது இன்னும் மோசம். பயிற்சியை மாற்றுங்கள். நான்கு டிஃபெண்டர், ஒரு ரைடர். முதல் பத்து ரைடில் பிடிக்கவே கூடாது, கைகோத்த செயின் உடையாமல் நகர்ந்தால் போதும். அடுத்த பத்தில் கேப்டன் பெயர் சொன்ன கார்னர் மட்டுமே தொடங்கலாம், அவன் கை பட்ட பிறகுதான் மற்றவர்கள் வரலாம். அந்த நேரத்தில் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். கோச் கத்திக்கொண்டே இருந்தால் கேப்டன் குரலுக்கு மதிப்பு வராது.

மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மிச்சம் இருக்கும்போது கேப்டன் இன்னும் முக்கியம். பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. ஆனால் உள்ளே திரும்புவது ஒருவன்தான், கூடுதல் புள்ளிக்கு ஆள் வராது. பிடி நழுவினால் எல்லாரும் வெளியேறி, அதாவது ஆல் அவுட் ஆகி, எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு போகும் ஆபத்து. ஸ்கோரும் நேரமும் பார்த்து முடிவெடுக்கிற ஆள் களத்துக்குள்ளே இருக்க வேண்டும்.

இரண்டு ரைடு வரிசையாகக் காலியாகப் போனால் மூன்றாவது டூ ஆர் டை; புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவுட். அதற்கு எப்போதும் மெயின் ரைடரை அனுப்பாதீர்கள். மூன்றாவது ரைடர் ஒருவனை இதற்கென்றே தயார் செய்து, "நீ பிடிபட்டால் கேள்வி கேட்க மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னபடி கேட்காமலும் இருங்கள். ஒரு தடவை முகம் சுளித்தாலே அடுத்த முறை அவன் பால்க் லைனை (ரைடர் கட்டாயம் தாண்ட வேண்டிய கோட்டை) மட்டும் தாண்டிவிட்டு ஓடி வந்துவிடுவான்.

டைம் அவுட் 30 நொடிதான். தண்ணீர் குடித்து மூச்சு வாங்கவே பாதி போய்விடும். ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். எந்த வரிசையில் அவுட் ஆனார்களோ அதே வரிசையில்தான் திரும்ப உள்ளே வருவார்கள், ஆகவே அடுத்து வரப்போவது யார் என்பதை நினைவூட்டுவது பல நேரம் எந்த உபதேசத்தையும் விடப் பயன்படும். பெஞ்சில் இருப்பவர்களுக்கும் வேலை கொடுங்கள்: ஒருவன் காலி ரைடை எண்ணட்டும், ஒருவன் எதிரணி ரைடர் எந்தக் காலை முதலில் வைக்கிறான் என்று பார்க்கட்டும்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியப் பெண்கள் அணியை ஃபைனலில் 27-24 என்று வென்ற ஈரான் அணிக்குக் கோச் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். அந்தப் பெண்களோடு பேசப் பாரசீகம் கற்றுக்கொண்டார். நம் ஊரில் சொந்தப் பாஷையிலேயே பிள்ளைகளிடம் நிதானமாக நாலு வார்த்தை பேசாத கோச்சுகள் எத்தனை பேர்!

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. எடைப் பிரிவு. 55 கிலோவில் ஆட வேண்டிய பையன் 58 இருந்தால், முந்தின நாள் முழுக்கச் சோறு தண்ணீர் இல்லாமல், வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடவிட்டு எடை மேடையில் ஏற்றுகிறார்கள். குறைவது கொழுப்பில்லை, உடம்பின் நீர். அதே உடம்போடு ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய மூன்று மேட்ச் ஆடினால் தசை பிடிக்கும், தலை சுற்றும், மயங்கி விழுவார்கள். "எல்லாரும் செய்வதுதானே" என்று கமெண்டில் வராதீர்கள். ஒரு மாதத்துக்கு முன்பே எடை பாருங்கள், மெதுவாகக் குறைகிறதா என்று கவனியுங்கள். குறையவில்லை என்றால் மேல் பிரிவில் ஆடவிடுங்கள். அங்கே இடம் இல்லையென்றால் அந்தப் போட்டியில் அவன் ஆடவில்லை, அவ்வளவுதான். அதை அவன் அப்பா அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டியது கோச்சின் வேலை, கேப்டனை அனுப்பாதீர்கள்.