பெட்டியில் 5,000, கையில் 90: இந்த வழக்கு நிற்குமா?

கேள்வி: வளசரவாக்கத்தில் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுக்கிறேன். உதவிக்கு ஒரு பையன் இருக்கிறான். மூன்று மாதம் முன்பு ரிச்சி தெருவில் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (கணினியில் பொருத்தும் வேகமான சேமிப்பு டிரைவ்) ஒன்றை 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் ‘நொடிக்கு 5,000 எம்பி வரை’ என்று போட்டிருக்கிறது. 400 ஜிபி ஃபுட்டேஜைக் காப்பி செய்தால் பாதி வரை பறக்கிறது, அப்புறம் 90 எம்பிக்கு விழுந்துவிடுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கே தேவலை. மூன்று முறை கடைக்கு அலைந்தேன். “எல்லாம் அப்படித்தான் ஓடும், உங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியல” என்று கடைக்காரர் பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்தினார். மயிலாப்பூர் பார்ட்டிக்கு நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் பாக்கி 60,000 ரூபாய் நின்றுபோனது. வாங்கும்போது இதே ஆள்தான் வாட்ஸ்அப்பில் “டிஎல்சி தான் சார், டிராமும் இருக்கு” என்றார். கம்பெனி தளத்தில் பார்த்தால் அந்த மாடல் டிஎல்சி இல்லை, அதைவிட மெதுவான சிப் வகையான க்யூஎல்சி; டிராம் (டிரைவுக்குள் இருக்கும் துணை நினைவகம்) கிடையாது. கம்பெனி, கடை இரண்டின் மீதும் 3 லட்சம் கேட்டு வழக்குப் போட வேண்டும். ஸ்டூடியோ பெயரில் ஜிஎஸ்டி பில் பத்திரமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் வழக்குக்கு உதவுவது அந்த வாட்ஸ்அப் வரி ஒன்றுதான். அவமானம், அலைச்சல், மயிலாப்பூர் பார்ட்டி எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள்.

வேகத்தை நம்பி வழக்குப் போட்டால் தோற்பீர்கள். க்யூஎல்சி சிப்பில் ஒரு செல்லுக்கு நான்கு பிட் எழுத வேண்டும், அது மெதுவான வேலை. அதனால் காலியாக இருக்கும் செல்களில் முதலில் ஒரு பிட் மட்டும் எழுதிச் சமாளிக்கிறது. அதுதான் நீங்கள் பார்த்த பறக்கும் வேகம். 1 டிபி டிரைவ் முழுக்கக் காலியாக இருந்தாலும் இந்த வித்தை அதிகபட்சம் 250 ஜிபி அளவுக்குத்தான் செல்லும். டிரைவ் நிரம்ப நிரம்ப அதுவும் சுருங்கும். ஆக, 400 ஜிபியில் பாதி வரை பறந்து, அப்புறம் விழுந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது, டிரைவ் அதன் வடிவமைப்புப்படி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சியம். பெட்டியில் ‘வரை’ என்ற சொல் வேறு இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காகவே கம்பெனி வக்கீல் சம்பளம் வாங்குகிறார். அவர் கேட்கும் முதல் கேள்வியும் எனக்குத் தெரியும்: கணினியில் எந்த ஸ்லாட்டில் போட்டீர்கள்? பிசிஐஇ மூன்றாம் தலைமுறை என்ற பழைய ஸ்லாட் என்றால் நொடிக்கு 3,500 எம்பியைத் தாண்டாது. யூஎஸ்பி கேஸில் போட்டிருந்தால் 1,000 பார்ப்பதே பெரிய விஷயம்.

கடைக்காரர் சொன்ன பொய் வேறு விஷயம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47): பொருளின் தரம், வகை, உள்ளடக்கம் பற்றித் தவறாகச் சொல்வது நேர்மையற்ற வணிக நடைமுறை. வாயால் சொன்னாலும், மின்னணுப் பதிவாகச் சொன்னாலும் சேரும். டிஎல்சி என்றால் செல்லுக்கு மூன்று பிட். அதிலும் அந்த ஒரு பிட் வித்தைக்கான இடம் (கேஷ்) நிறைந்தால் வேகம் குறையும், ஆனால் ஹார்ட் டிஸ்க்குக்குக் கீழே போவது அரிது. ஆயுளிலும் வித்தியாசம் உண்டு. 1 டிபி டிஎல்சி டிரைவுக்கு 600 டிபி எழுதும் வரை வாரண்டி என்பது சாதாரணம். க்யூஎல்சியில் 200 டிபி வரைகூட இறங்கும். உங்களைப் போல வாரம் முழுக்க ஃபுட்டேஜ் கொட்டுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. கம்பெனி தன் தளத்தில் உண்மையைத்தான் போட்டிருக்கிறது, அதனால் அதை விட்டுவிடுங்கள். எதிர்தரப்பு கடை மட்டும்.

புகாரை எப்படி எழுதுகிறீர்கள் என்பதும் முக்கியம். ‘டிரைவில் குறைபாடு’ என்று எழுதினால், பரிசோதனை இல்லாமல் தீர்மானிக்க முடியாது என்று பிரிவு 38-இன்படி ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்வார்கள். அந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டியது நீங்கள். ‘டிஎல்சி என்று சொல்லி க்யூஎல்சி விற்றார்’ என்று எழுதினால் வாட்ஸ்அப்பும் கம்பெனியின் விவரப் பக்கமும் போதும்.

இப்போது நான் உண்மையில் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசி வரியில் பெருமையாகச் சொன்னீர்களே, ஸ்டூடியோ பெயரில் ஜிஎஸ்டி பில் என்று. அந்தப் பில்தான் உங்களைக் கவிழ்க்கும்.

வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை என்கிறது பிரிவு 2(7). விதிவிலக்கு ஒன்றுதான்: சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியிருக்க வேண்டும். கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டுக்கும் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸுக்கும் நடந்த வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் இதை விளக்கிவிட்டது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்; உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அது போகாது. ஆகவே உங்கள் பையனால் ஆபத்து இல்லை. ஆபத்து உங்கள் பேனாவில் இருக்கிறது. ‘என் நிறுவனத்துக்கு 60,000 நஷ்டம், ஆர்டர் போச்சு’ என்று நோட்டீஸில் எழுதிவிட்டு, நுகர்வோர் ஆணையத்தில் போய் ‘நான் ஏழை சுயதொழிலாளி’ என்றால் யார் நம்புவார்கள்? அந்த 6,800 ரூபாய்க்கு உள்ளீட்டு வரி வரவும் (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை உங்கள் வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால் எதிர்தரப்பு வக்கீல் ஜிஎஸ்டி ரிட்டர்னைக் காட்டி உட்கார்ந்துவிடுவார்.

அம்பத்தூரில் சின்னதாக அச்சகம் வைத்திருந்த என் கட்சிக்காரர் ஒருவர் பிரிண்டருக்காக வழக்குப் போட்டார். நான் வருவதற்குள் அவரே நோட்டீஸ் அனுப்பியிருந்தார்: தினசரி வருமான இழப்பு இவ்வளவு, மூன்று தொழிலாளிகளின் சம்பளம் இவ்வளவு என்று கணக்குப் போட்டு. நஷ்டம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு பணம் கிடைக்கும் என்று நினைத்துவிட்டார். ஆணையம் பிரிண்டர் பக்கமே போகவில்லை. நீங்கள் நுகர்வோர் இல்லை, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று இரண்டு வருடம் கழித்து அனுப்பிவிட்டது. கொடுமை என்னவென்றால் பிரிண்டர் உண்மையிலேயே பழுது.

எனவே 60,000 ரூபாயைப் பற்றி எங்கேயும் மூச்சு விடாதீர்கள். தனித் தொழில், இதுதான் பிழைப்பு என்பதை நோட்டீஸிலும் புகாரிலும் பிரமாண வாக்குமூலத்திலும் ஒரே மாதிரி சொல்லுங்கள். வரி வரவு எடுத்திருந்தால் ஆடிட்டரிடம் கேட்காமல் ஒரு அடியும் வைக்காதீர்கள்.

இன்னொன்று. கோபத்தில் டிரைவை வாரண்டியில் அனுப்பிவிடாதீர்கள். மாற்றாக வேறு சீரியல் எண் கொண்ட டிரைவ் வரும், உங்கள் சாட்சியம் போய்விடும். சிப்பைப் பார்க்கிறேன் என்று ஸ்டிக்கரை உரிக்கவும் கூடாது. வாட்ஸ்அப்பில் அந்த ஒரு வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாது, முழு உரையாடலும் போனிலேயே இருக்கட்டும். அந்த எண் கடையுடையதா, ஊழியரின் சொந்த எண்ணா என்றும் பாருங்கள். ‘அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான்’ என்பது ரிச்சி தெருவில் பழைய பதில்.

கடைக்காரர் வேண்டுமென்றே பொய் சொல்லாமலும் இருந்திருக்கலாம். மாடல் பெயரை மாற்றாமல் உள்ளே சிப்பை மாற்றுவது இந்தத் தொழிலில் நடந்திருக்கிறது. 2021-ல் டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) நிறுவனம் தன் எஸ்என்550 டிரைவில் அப்படி மாற்றி, விமர்சனம் எழுந்த பிறகு இனி மாற்றினால் புதிய மாடல் எண் தருவோம் என்றது. பழைய விவரத்தை நம்பிச் சொன்னேன் என்பார் கடைக்காரர். அது அவரைக் காப்பாற்றாது, ஆனால் நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டைச் சுருக்கும்.

3 லட்சம் வராது. எல்லாம் சரியாக நடந்தால் டிரைவின் விலையும், மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சில ஆயிரங்களும் வரும். ஆணையத்தில் இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, ஆனால் என் ஃபீஸ் உங்கள் டிரைவின் விலையைத் தாண்டும். காலக்கெடு இரண்டு வருடம், அவசரமும் இல்லை.

என்னைக் கேட்டால், வார நாளில் காலையில், கூட்டம் சேர்வதற்கு முன் கடைக்குப் போய் அந்த வாட்ஸ்அப்பைக் காட்டுங்கள். குரலை உயர்த்தாதீர்கள். இதே 1 டிபியில் டிராம் உள்ள டிஎல்சி மாடலாக மாற்றித் தரச் சொல்லுங்கள். விலை வித்தியாசத்தில் பாதியை நீங்கள் போடுவதாகச் சொல்லுங்கள். ரொக்கம் திருப்பித் தர அழுவார், பொருளை மாற்ற அவ்வளவு அழமாட்டார். மாற்றிக் கொடுத்தால் பில்லில் புது சீரியல் எண்ணோடு ‘டிஎல்சி’ என்ற சொல்லையும் அவர் கையாலேயே எழுதி, முத்திரை போட்டு வாங்குங்கள். முடியாது என்றால் அந்த வாட்ஸ்அப்போடும் பில்லோடும் என்னிடம் வாருங்கள். நோட்டீஸை மட்டும் நீங்களாக எழுதி அனுப்பிவிட்டு வராதீர்கள்.