ஆங்கில மரபுத்தொடர்களை ஏன் தனியாகப் படிக்க வேண்டும்?

இலக்கணமும் சொற்களும் தெரிந்த பிறகு மரபுத்தொடர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழிலிருந்தே பார்ப்போம். 'கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான்' என்பதை ஒரு வெளிநாட்டுக்காரர் அகராதி வைத்துப் படித்தால், அவர் கையில் இரும்புக் கம்பிதான் மிஞ்சும். ஆள் ஓடிப்போன செய்தி கிடைக்காது.

ஆங்கிலத்தில் நமக்கும் இதே நிலைதான். அமெரிக்க நண்பரைச் சாப்பிட அழைக்கிறீர்கள். அவர் 'ரெயின் செக்' எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றால், வேறொரு நாள் வந்து பார்க்க 19ஆம் நூற்றாண்டிலேயே தந்த சீட்டின் பெயர் அது. 'இன்று முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம்' என்று நாசூக்காகச் சொல்கிறார். தோராயக் கணக்கைக் குறிக்கும் 'பால்பார்க் ஃபிகர்' வந்ததும் அதே மைதானத்திலிருந்துதான். பிரிட்டனில் கிரிக்கெட். இக்கட்டில் மாட்டியவர் 'ஸ்டிக்கி விக்கெட்'டில் இருக்கிறார். மழையில் நனைந்து காயும் ஆடுகளத்தில் பந்து தாறுமாறாக எழும்பி மட்டையாளரைத் திணறடிக்கும் என்று நமக்குத் தெரியுமே!

எனக்கு அதிகம் கவலை தருவது, புரிந்தது போலத் தோன்றி ஏமாற்றும் தொடர்கள். கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வோம் என்றால், பிரிட்டனில் அதை விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிவைப்பது. நேர் எதிர்!

சரி, எப்படிப் படிப்பது? நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். கேட்ட தொடரை, யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னார் என்பதோடு எழுதி வையுங்கள். முதலில் கேட்டுப் புரிந்தால் போதும், பேசுவதற்கு அவசரமில்லை.