எம்.எஸ். வாழ்க்கை 32 பக்கங்களில்: கேள்வியும் பதிலும்

எம்.எஸ். சுப்புலட்சுமியின் வாழ்க்கையை ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளுக்குப் படப்புத்தகமாக எழுதவும் வரையவும் முனைந்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். நெடுங்காலம் சிறார் நூல்களைப் பதிப்பித்தவன் என்ற முறையில் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல எனக்குச் சில செய்திகள் உண்டு. இராக இலக்கணம் கேட்பவர்கள் தங்கள் பாட்டு ஆசிரியரை அணுகுவதே நல்லது.

கேள்வி: 1916 முதல் 2004 வரை, 88 ஆண்டு வாழ்க்கை. அதை 32 பக்கங்களில் எப்படி அடக்குவது?

பதில்: அடக்க முயலாதீர்கள். 32 என்ற எண் அச்சுத்தாளை மடித்து வெட்டும் முறையிலிருந்து வந்தது. தலைப்புப் பக்கமும் பதிப்பு விவரமும் போக, கதைக்கென்று பதின்மூன்று பதினான்கு விரிபக்கங்களே (எதிரெதிரே விரியும் இரண்டு பக்கங்கள் சேர்ந்தது ஒரு விரிபக்கம்) உங்கள் கையில் மிஞ்சும். பிறப்பு, திருமணம், விருது, மறைவு என்று ஆண்டுவாரியாக அவற்றை நிரப்பினால், பாடப்புத்தகத்தில் படம் ஒட்டியதுபோல் ஆகிவிடும். ஒரே ஒரு கேள்வியைக் கதைக்கு முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் ‘குஞ்சம்மா’ என்று வீட்டார் அழைத்த சிறுமியின் குரல் அந்த வீட்டைவிட்டு எப்படி வெளியே போயிற்று என்பது அப்படிப்பட்ட ஒரு கேள்வி. பத்து வயதளவில் அவர் பாடிய முதல் இசைத்தட்டு அதற்கு அருமையான விரிபக்கமாகும். அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடம்தான் கொள்ளும். அதற்குள் பாட்டை முடித்தாக வேண்டும். அந்த நெருக்கடி எந்தக் குழந்தைக்கும் உடனே புரியும்.

கேள்வி (ஓர் ஓவியர்): இசையை எப்படி வரைவது? பாடுபவரின் வாயிலிருந்து சுரக்குறிகள் மிதந்து வருவதுபோல் வரைந்திருக்கிறேன்.

பதில்: அழித்துவிடுங்கள். நீங்கள் வரைந்திருப்பவை ஐந்து கோடுகளில் எழுதப்படும் மேலைநாட்டு இசைக்குறிகள். கர்நாடக இசையில் ச, ரி, க, ம என்று எழுத்தில்தான் சுரம் எழுதுவார்கள். அந்த எழுத்துகளை மிதக்க விட்டாலும் பயன் குறைவுதான், ஏனென்றால் குறி என்பது ஒலி ஆகாது. கேட்பவர்களை வரையுங்கள்: தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்து பாதியில் நின்றுபோன கை, தூணில் சாய்ந்து கண்மூடியிருக்கும் பாட்டி, விசிறுவதை மறந்து விசிறியைப் பிடித்திருக்கும் ஒருவர். தம்புராவின் குதிரைமேல் (தந்திகளைத் தாங்கும் சிறு கட்டைமேல்) தந்திக்கு அடியில் ஒரு சிறு நூலைச் செருகிச் சரியான இடம் தேடி நகர்த்துவார்கள். அந்த நூலால்தான் தம்புராவின் ஒலிக்கு அந்த ரீங்காரம் கிடைக்கிறது. விரலும் நூலும் மட்டும் தெரியும்படி ஒரு பக்கம் முழுவதும் வரைந்தால், அடுத்த பக்கத்தைத் திருப்பும் குழந்தைக்கு ஏதோ காதில் விழத் தொடங்கியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயலினை நின்றபடி தோளில் வைத்து வாசிப்பதுபோல் வரையாதீர்கள். நம் கச்சேரியில் வயலின்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். வயலினின் தலைப்பகுதி வலது காலின்மேல் ஊன்றியிருக்கும். தம்புராவுக்கு மெட்டுகள், அதாவது தந்தியை அழுத்தி வாசிப்பதற்கான குறுக்குக் கட்டைகள், கிடையாது; தந்திகள் நான்கு. வீணைக்கு மெட்டுகள் 24, தந்திகள் ஏழு. மிருதங்கத்துக்குப் பதிலாகத் தபலாவை வரைந்து அனுப்பியவர்களை நான் அறிவேன்.

கேள்வி: “அம்மா, நான் பெரிய பாடகியாவேன்!” என்று சிறுமி சொல்வதாக முதல் பக்கத்தை எழுதலாமா?

பதில்: கூடாது. அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்று இல்லையென்றால், மேற்கோள் குறிக்குள் அதைப் போடும் உரிமை நமக்கு இல்லை. வாழ்க்கை வரலாறு என்று அட்டையில் அச்சிட்டுவிட்டு உள்ளே வசனம் புனைந்தால், குழந்தை அதை உண்மையாகவே எடுத்துக்கொள்ளும். புனையத் தேவையும் இல்லை. தெருவில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த தம்மைத் தூக்கிக்கொண்டு போய், கழுவித் துடைத்து, பாட உட்காரவைத்ததை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த மண் ஒட்டிய கைகளைவிட நல்ல முதல் பக்கம் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை.

கேள்வி: பழைய புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தால் பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

பதில்: வரலாம். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இந்தியச் சட்டப்படி புகைப்படத்துக்கு எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. பல படங்களைப் பார்த்து உங்கள் கையால் புதிதாக வரையுங்கள்.

கேள்வி (ஓர் ஆசிரியை): அவருடைய தாயார் தேவதாசி மரபில் வந்தவர் என்பதை ஆறு வயதுக் குழந்தைக்குச் சொல்லத்தான் வேண்டுமா? விட்டுவிடலாமே.

பதில்: சொல்லை விடலாம்; தாயை விட முடியாது. எம். என்பது மதுரை, எஸ். என்பது சண்முகவடிவு. தந்தையின் பெயரை முன்னெழுத்தாகப் போடும் குழந்தைகள் நிறைந்த வகுப்பில் யாராவது ஒருவர், ‘இவருக்கு ஏன் அம்மா பெயர்?’ என்று கட்டாயம் கேட்பார். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர், தாய் வீணைக் கலைஞர், அண்ணன் சக்திவேல் மிருதங்கம், தங்கை வடிவாம்பாள் வீணை. ‘அந்த வீட்டில் இசை அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்தது. அதனால் அவள் பெயருக்கு முன்னால் ஊரின் பெயரும் அம்மாவின் பெயரும் நின்றன.’ இந்த இரண்டு வரிகளில் பொய் ஒன்றும் இல்லை, குழந்தைக்கு மிஞ்சியதும் ஒன்றும் இல்லை.

கேள்வி (இன்னொருவர், மேற்கண்ட பதிலை மறுத்து): இது மழுப்பல். ஒடுக்கப்பட்ட பெண்களின் வரலாற்றை ‘வீட்டில் இசை இருந்தது’ என்று இனிப்பாக்கித் தருகிறீர்கள்.

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தப் பெண்கள்தான் இசையையும் ஆடலையும் தலைமுறைகளாகக் காத்தார்கள். பிறகு அந்தக் கலைக்குக் கிடைத்த மதிப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதே மரபில் வந்த வீணைக் கலைஞர் தனம்மாளையும் நடனக் கலைஞர் பாலசரசுவதியையும் அறியாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் கோயிலுக்குப் பெண்களை அர்ப்பணிப்பதைத் தடை செய்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆறு வயதுக் குழந்தைக்கான பத்துச் சொல் வாக்கியத்தில் விளக்க என்னால் முடியாது. நூலின் கடைசியில், உடன் படிக்கும் பெரியவருக்காக ஒரு பக்கக் குறிப்பு உண்டு அல்லவா? அங்கே சொல்லைப் பயன்படுத்தி, தயங்காமல், முழுதாக எழுதுங்கள்.

கேள்வி (முதலில் கேட்ட ஆசிரியை): அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுப் பெற்றோர் புத்தகத்தையே வாங்காமல் போனால்?

பதில்: போகட்டும். சண்முகவடிவை நீக்கிவிட்டால் அந்தப் பெயரில் மிஞ்சுவது மதுரை மட்டுமே. இந்த விவாதம் குறித்து மேலும் ஏழு கடிதங்கள் வந்திருக்கின்றன; தந்தை யார் என்ற ஆராய்ச்சி உள்பட எதற்கும் தனியாகப் பதில் எழுதப்போவதில்லை.

கேள்வி: கணவர் சதாசிவத்துடன் நடந்த உரையாடல் ஒன்றே ஒன்றை மட்டும் கற்பனையாக...

பதில்: கூடாது.

கேள்வி: மேற்கோள் குறி இல்லாமல் வசனம் எழுதினால்?

பதில்: குறியை எடுத்துவிட்டாலும் புனைவு புனைவுதான். இதே கேள்வி வெவ்வேறு உடையில் நான்காவது முறையாக வருகிறது.

கேள்வி: மேலைநாட்டு இசைமேதை மோட்சார்ட்டைப் பற்றி எழுதுகிறேன். இதே விதிகள் பொருந்துமா?

பதில்: பொருந்தும். 1756இல் பிறந்த அவருக்கு நான்கரை வயது மூத்த அக்கா மரியா அன்னா, தம்பியுடன் ஐரோப்பிய நகரங்களில் சேர்ந்து வாசித்தவர். பல புத்தகங்களில் அவர் முதல் சில பக்கங்களோடு காணாமல் போய்விடுகிறார். எங்கே போனார், ஏன் போனார் என்பதையும் எழுதினால் உங்கள் புத்தகத்தை நான் வாங்குவேன்.

கேள்வி: கதையைப் பாரத ரத்னாவோடு முடிப்பதா, ஐ.நா. சபைக் கச்சேரியோடு முடிப்பதா?

பதில்: 1998ஆம் ஆண்டு விருது பின்னிணைப்பின் காலவரிசையில் இருக்கட்டும், பதக்கம் வாங்கும் படம் எந்தக் குழந்தையையும் ஈர்த்து நான் பார்த்ததில்லை. 1966 அக்டோபர் 23 அன்று ஐ.நா. பொதுச்சபை மண்டபத்தில் அவர் பாடியது நல்ல உச்சம். அன்று பாடிய ‘மைத்ரீம் பஜத’ என்ற பாடல் காஞ்சிப் பெரியவர் இயற்றியது. மதுரை வீட்டுக் கூடத்தையும் அந்த மண்டபத்தையும் ஒரே கோணத்தில் வரைந்தால், எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று எழுத ஒரு சொல்லும் வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு இன்னும் ஒரு பக்கம் விட்டுவையுங்கள். 1963இல் வெளிவந்த வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டின் குரல் இன்றும் எத்தனையோ வீடுகளில் விடியலில் ஒலிக்கிறது. இருட்டு விலகாத சமையலறை, அடுப்பில் பால், சன்னலோரத்தில் சிறிய வானொலி. ஆள் யாரும் வேண்டாம். யார் பாடுகிறார் என்பதைக் குழந்தை சொல்லட்டும்.