கண் மருத்துவரின் கண்ணில் கோளாறா?

கேள்வி: 2023 ரக்பி உலகக் கோப்பைக் காலிறுதியில், சொந்த மண்ணில், தென்னாப்பிரிக்காவிடம் ஒரே ஒரு புள்ளியில் பிரான்ஸ் தோற்றது. ‘ஆட்டத்தை நடுவர் பறித்துக் கொடுத்துவிட்டார்’ என்று பிரெஞ்சு ரசிகர்கள் இன்றுவரை குமுறுகிறார்கள். ஒளிப்பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்த எனக்கும் அப்படித்தான் படுகிறது. அன்றைக்குச் சிவப்பு அட்டை ஒன்றை எடுத்திருந்தால் முடிவே மாறியிருக்கும். அந்த நடுவருக்குக் கண்ணே தெரியவில்லையா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: தெரியும், உங்களையும் என்னையும்விட நன்றாகவே தெரியும். அந்த ஆட்டத்தை நடத்தியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த பென் ஓகீஃப். அவர் முறையாகப் படித்துத் தேர்ந்த மருத்துவர். பணியாற்றிய துறை கண் மருத்துவம். உலகில் உள்ள நடுவர் அனைவர்மீதும் வீசத்தக்க ஒரு வசவை, அது சற்றும் ஒட்டாத ஒரே மனிதர்மீது குறி தவறாமல் வீசியிருக்கிறீர்கள். நீங்கள் மட்டுமல்ல, அன்று இரவு பாரிஸ் புறநகரில் உள்ள ஸ்டாட் டி பிரான்ஸ் அரங்கில் கூடியிருந்த எண்பதாயிரம் பேரில் பெரும்பாலோர், ஒரு கண் மருத்துவரைப் பார்த்துக் கண்ணைச் சோதித்துக்கொள் என்று கூவினார்கள். அவர் யாரிடம் போய்ச் சோதித்துக்கொள்வது? இன்னொரு கண் மருத்துவரிடம் போனாலும், அவர் எந்த நாட்டு அணியின் ரசிகர் என்று முதலில் விசாரிக்க வேண்டியிருக்கும்.

உண்மையில் கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார வேண்டியவர் ரசிகர்தான். கண் மருத்துவமனையில் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ரசிகரை அதன் எதிரே உட்கார வைத்தால், கடைசி வரியில் இருக்கும் மிகப் பொடி எழுத்துகளைத் தடங்கலின்றி வாசித்துவிடுவார். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, பிரெஞ்சு வீரர்கள் எண்ணிக்கையில் மிகுந்து நின்ற பக்கத்தை நோக்கிப் போன பந்தின் குறுக்கே தென்னாப்பிரிக்காவின் எபென் எட்ஸெபெத் கையை நீட்டினாரே, அந்தக் கையில் பட்ட பந்து முன்னால் போனதா பின்னால் போனதா என்று கேட்டால் அங்குலக் கணக்கில் சொல்வார். பிரான்ஸின் டோமா ராமோஸ் உதைத்த பந்தைத் தடுக்க ஓடிவந்த தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பே எந்த நொடியில் தன் கோட்டிலிருந்து கிளம்பினார் என்று கேட்டாலும் விடை உண்டு. இடைவேளைக்குச் சற்று முன்பு தலையோடு தலை மோதியதற்காக எட்ஸெபெத்துக்குக் காட்டிய மஞ்சள் அட்டை ஏன் சிவப்பாக மாறவில்லை என்பதற்கு அரை மணி நேரம் பேசுவார். ஆனால் பலகையின் உச்சியில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும் முதல் எழுத்தைக் காட்டி, ‘இது என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள்; ஒன்றும் தெரியவில்லை என்பார். அந்த எழுத்தின் பெயர் கார்டிஃப், 2007.

அந்த ஆண்டின் உலகக் கோப்பைக் காலிறுதி, அக்டோபர் 6ஆம் தேதி, வேல்ஸ் தலைநகரில் நடந்தது; பிரான்ஸ் 20, நியூசிலாந்து 18. ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த முதல் விதி. டாமியன் த்ரேய் எறிந்த பந்தோ முன்னோக்கித்தான் போனது. அதை வாங்கி ஓடிய ஃப்ரெடெரிக் மிஷலாக், யானிக் ஜோசியோனிடம் கொடுக்க, அவர் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தார். ரக்பியில் ட்ரை எனப்படும் அதுதான் ஆட்டத்தை முடித்தது. இளம் வயது ஆங்கிலேய நடுவர் வெய்ன் பார்ன்ஸ் அந்த எறிதலைக் கவனிக்கவில்லை. நியூசிலாந்து முழுவதும் அவரைப் பல ஆண்டுகள் வைது தீர்த்தது. அப்போது பாரிஸிலிருந்தோ துலூஸிலிருந்தோ யாராவது எழுந்து, ‘நடுவர் பிழையால் வென்றோம், எங்களுக்கு உறுத்துகிறது’ என்று சொன்னார்களா? பிரெஞ்சு வீரர் துசோத்வார் அன்று எதிரணியினரைப் பிடித்து வீழ்த்திய 38 மடக்குகளைப் பற்றித்தான் பேசினார்கள். அதைப் பேசியதில் தவறும் இல்லை, அது மலைக்க வைக்கும் கணக்குத்தான். 2011 உலகக் கோப்பையில் பிரான்ஸுக்கு எதிரான அரையிறுதியில் இருபது நிமிடம்கூட ஆகாத நிலையில் வேல்ஸ் அணித் தலைவர் சாம் வார்பர்ட்டனைச் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றிய அயர்லாந்து நடுவர் அலெய்ன் ரோலண்டின் தந்தை பிரெஞ்சுக்காரர். பதினான்கு பேருடன் போராடிய வேல்ஸ் 8-9 என்று தோற்றது. அட்டை விதிப்படி சரியானதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் தந்தையின் குலம் கோத்திரத்தை விசாரிக்கும் வேலையை வேல்ஸ் ரசிகர்களுக்கு அன்று விட்டுக்கொடுத்த பிரெஞ்சு ரசிகர்கள், 2023இல் அதே வேலையைத் தாமே எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நியாயமாகப் பேசுவதென்றால், அவர்களுக்கு உண்மையான பழைய காயம் ஒன்று உண்டு. 1995 ஜூன் 17, டர்பன். கொட்டித் தீர்த்த மழையில் மைதானமே குளமாகி, பெண்கள் துடைப்பம் கொண்டு தண்ணீரைத் தள்ளிய பிறகு தாமதமாகத் தொடங்கிய உலகக் கோப்பை அரையிறுதி. ஆட்டம் நடக்காமலே போயிருந்தால், முன்பு ஒரு குழுச் சுற்று ஆட்டத்தில் வாங்கிய சிவப்பு அட்டையால் ஒழுங்குக் கணக்கில் பின்தங்கியிருந்த தென்னாப்பிரிக்கா வெளியேறி, பிரான்ஸ் இறுதிக்குப் போயிருக்கும். ஆட்டம் நடந்தது; தென்னாப்பிரிக்கா 19-15 என்று வென்றது. கடைசி நேரத்தில் பிரான்ஸின் அப்தெல் பெனாசி கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் வீழ்த்தப்பட்டார். ஆட்டத்தை நடத்தியவர் வேல்ஸ்காரரான டெரெக் பெவன். இறுதிப் போட்டி முடிந்த பின் நடந்த விருந்தில், தென்னாப்பிரிக்க ரக்பி சங்கத் தலைவர் லூயிஸ் லெய்ட் எழுந்து, அந்த நடுவருக்குத் தங்கக் கைக்கடிகாரம் பரிசளிக்க முன்வந்தார். பாவம், பெவன் கூனிக் குறுகிப்போனார். ஒரு நடுவரின் நேர்மைக்கு இதைவிடப் பெரிய கேடு எந்தக் குற்றச்சாட்டாலும் செய்திருக்க முடியாது. பெவன் அந்தக் கடிகாரத்தைக் கேட்கவில்லை. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அதை இன்னும் மறக்கவில்லை, மறக்கச் சொல்லவும் எனக்கு மனம் வராது.

தென்னாப்பிரிக்கர்களும் இந்தப் பட்டியலில் புனிதர்கள் அல்லர். 2021இல் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியிடம் முதல் டெஸ்ட்டில் தோற்ற பிறகு, அவர்களுடைய ரக்பி இயக்குநர் ரஸ்ஸி எராஸ்மஸ், நடுவர் நிக் பெரியின் தீர்ப்புகளைப் பொறுக்கியெடுத்து 62 நிமிடக் காணொளி தயாரித்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேல்! ஓர் ஆட்டமே 80 நிமிடம்தான். அதற்காக 2022 செப்டம்பர் முடியும்வரை ஆட்ட நாள்களில் அணியோடு ஒட்டக் கூடாது என்று தடை வாங்கினார். தடை முடிந்து வந்த இரண்டே மாதத்தில், மார்செய் நகரில் இதே பிரான்ஸிடம் 26-30 என்று தோற்றதும், சமூக ஊடகத்தில் நடுவரைக் குத்திக் கிண்டல் செய்து மறுபடியும் இரண்டு ஆட்டத் தடை வாங்கினார். அந்த நடுவர் வேறு யாருமல்லர், கார்டிஃபில் பந்தைக் கவனிக்காமல் விட்ட அதே பார்ன்ஸ்தான். தொழில்முறை வழக்கறிஞரான அவருக்கு, வாதியும் பிரதிவாதியும் மாறி மாறி வைவது பழகியிருக்கும் என்று நம்புவோம்.

இனி ஒளிப்பதிவுக்கு வருகிறேன். ‘திரும்பத் திரும்பப் பார்த்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். என் பழைய நோய்க்கு நீங்களே தூபம் போட்டுவிட்டீர்கள். மெதுவோட்டக் காட்சியைத் தொலைக்காட்சியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று முன்பு இதே பக்கத்தில் எழுதியதற்காக, என்னைக் கற்காலத்து ஆசாமி என்று ஒரு வாசகர் நான்கு பக்கம் அர்ச்சித்திருந்தார். கற்காலத்திலிருந்தே மீண்டும் சொல்கிறேன்: வேகத்தைக் குறைத்தால் எந்த மோதலும் கொலை முயற்சியாகத் தெரியும், எந்தக் கையும் வேண்டுமென்றே நீட்டியதாகத் தெரியும். எட்ஸெபெத்தின் கை பந்தில் பட்ட கணத்தை ஓகீஃப் ஒரு முறை, ஓடிக்கொண்டே, முப்பது ஆட்களின் நடுவிலிருந்து பார்த்து, பந்து முன்னால் போகவில்லை என்று முடிவெடுத்தார். அது தவறாக இருக்கலாம். தவறுதான் என்று வாதாடுகிறவர்களில் விவரம் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பிரெஞ்சு அணித் தலைவர் அந்துவான் துபோனே, நடுவரின் தரம் ஆட்டத்தின் தரத்துக்கு எட்டியதா என்பது ஐயமே என்ற பொருளில் சொன்னார். தோற்றதற்கு அழுகிறேன் என்று எண்ண வேண்டாம் என்ற முன்னுரையோடு சொன்னார், அத்தோடு நிறுத்திக்கொண்டார். கன்ன எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களில், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு அந்த ஆட்டத்தை ஆடியவர் அவர். குறை சொல்லும் உரிமை யாருக்காவது இருந்தது என்றால் அவருக்குத்தான் இருந்தது. அவர் ஒரு வாக்கியத்தில் முடித்ததை ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் நீட்டுகிறார்கள்.

ஆட்டம் எங்கே கைநழுவியது என்பதைப் புள்ளிக் கணக்கே சொல்கிறது. ட்ரைக்கு 5 புள்ளி, அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மேலும் 2, பெனால்டி உதைக்கு 3. பிரான்ஸின் மௌவாக்கா ட்ரை போட்டு 12-12 என்று சமன் செய்ததும், ராமோஸ் பந்தை நிறுத்திவைத்து, பின்னால் நகர்ந்து, குறிபார்த்தார். உதைப்பவர் அசையத் தொடங்கிய பிறகே எதிரணியினர் கோட்டைவிட்டுக் கிளம்பலாம் என்பது விதி. கிளம்பினாலும் பெரும்பாலும் பாதி வழியில் நின்றுவிடுவார்கள், ஏனென்றால் எட்ட முடியாது. ஐந்தடி ஏழங்குல உயரமுள்ள கோல்பே நிற்கவில்லை. பந்து காலைவிட்டு எழும்பும் இடத்துக்கே வந்து உடம்பைக் குறுக்கே போட்டார். போன புள்ளி 2. தோற்ற வித்தியாசம் 1. அவர் முன்கூட்டியே கிளம்பினார் என்று நீங்கள் எழுதுவீர்கள். ராமோஸ் அசைந்ததும் கிளம்பினார் என்று நான் எழுதுவேன். ஆனால் எந்தப் பயிற்சியில் அதைக் கற்றார், ஏன் மற்ற பதினான்கு பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள் என்று கேட்பது இதைவிடச் சுவையான கேள்வி.

அதற்கும் மேலே ஆகாயம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் முதல் இரண்டு ட்ரைகளும், வானுயர உதைத்த பந்துகளைப் பிரெஞ்சு வீரர்கள் ஒழுங்காகப் பிடிக்காததில் பிறந்தவை. மூன்றாவது, தவறவிட்ட பந்தைச் சக வீரர் முன்னால் உதைக்க, கோல்பே ஓடி எடுத்தது. இந்த மூன்றுக்கும் ஓகீஃபின் விசிலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இடைவேளையில் 22-19 என்றும், பிறகு 25-19 என்றும் முன்னிலையில் இருந்த பிரெஞ்சு அணியால், 67ஆம் நிமிடத்தில் எட்ஸெபெத் இரண்டு மூன்று ஆட்களைச் சுமந்துகொண்டு கோட்டைத் தாண்டியதைத் தடுக்க முடியவில்லை. காயமுற்றவருக்குப் பதிலாகப் போட்டியின் நடுவே வரவழைக்கப்பட்ட தென்னாப்பிரிக்காவின் பொல்லார்ட் இறங்கி உதைத்த புள்ளிகள் அந்த அணியின் கணக்கை 29 ஆக்கின. ராமோஸின் கடைசி பெனால்டி பிரான்ஸை 28 வரைதான் கொண்டுவந்தது. அதே தென்னாப்பிரிக்கா அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15 என்றும், இறுதியில் நியூசிலாந்தை 12-11 என்றும் வென்று நான்காவது முறையாகக் கோப்பையைத் தூக்கியது. மூன்று ஆட்டம், மூன்று நாட்டு ரசிகர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளிக் குறை. அரையிறுதிக்கும் ஓகீஃபையே நடுவராகப் போட்டதால், தங்கள் அணி ஆடாத ஆட்டத்துக்கு வந்திருந்த பிரெஞ்சு ரசிகர்கள் அவருடைய பெயரைக் கேட்டதுமே ஊளையிட்டார்கள். விடாமுயற்சி பாராட்டத்தக்கது.

சிவப்பு அட்டை காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். இதற்குக் கற்பனை தேவையில்லை. 2025 நவம்பர் 8, அதே அரங்கு, அதே இரண்டு அணிகள். ராமோஸின் தலையில் மோதியதற்காக, இடைவேளைக்குச் சற்று முன்பு, தென்னாப்பிரிக்காவின் லூட் டி யாகருக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது. பிரான்ஸ் 14-13 என்று முன்னிலையோடு உள்ளே போனது. இரண்டாம் பாதி முழுவதையும் தென்னாப்பிரிக்கா 14 பேரை வைத்து ஆடி, 32-17 என்று வென்றது. அந்த ஆட்டத்தையும் நடுவர்தான் பறித்தார் என்று எழுதி அனுப்புங்கள். ஒரு வரி வெட்டாமல் அடுத்த இதழில் போடுகிறேன்.